மூலையில் நின்ற அக்கா

அத்தியாயம் 14

பஞ்சு அண்ணனை ஸ்ட்ரெச்சரில் பார்த்து அக்கா அதிர்ந்து நின்ற இடத்தில் போன வாரம் விட்டோம்.

காலை ஆறே முக்கால் மணி. அவசரப் பிரிவில் அவள் அப்போதுதான் ஷிஃப்டுக்கு வந்திருந்தாள். கையுறைகூட மாட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார் மனிதர். குடல்வால் வீங்கி வெடிக்கக் காத்திருந்தது. அந்த வலியிலும் தன் கறுப்புப் பையை மட்டும் விடவில்லை.

"பெரியவளே, மத்தியானம் மூணு மணிக்கு உன் தங்கச்சி சிட்டு மேடை ஏறணும். நான் கத்திக்கு அடியில படுத்திருப்பேன். நீதான் போகணும்."

"நானா? அண்ணே, என்ன பேசறீங்க?"

"தினமும் பத்து மண்டை தைக்கிறே. ஒரு புருவத்தை அடைக்க மாட்டியா?"

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு அவரை விழுங்கிவிட்டது. பை மட்டும் அக்காவின் கையில் நின்றது.

பஞ்சு அண்ணனின் வேலை இதுதான்: குத்துச்சண்டையில் ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில், கிழிந்த முகத்தில் ரத்தத்தை நிறுத்துவது. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பஞ்சுக்குச்சி செருகியிருக்கும். அதனால் அந்தப் பெயர். சிட்டு ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கின காலத்தில் அவர் தேவைப்படவே இல்லை. அங்கே பெண்களுக்குத் தலைக்கவசம் உண்டு. நெற்றியும் புருவமும் பத்திரம். ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் தொழில்முறைக்கு மாறினாள். இங்கே கவசம் கிடையாது. வெறும் முகம்.

அதோடு அவள் பாடும் சுலபமாக இல்லை. ஒலிம்பிக்கில் தொட்டுவிட்டுத் தப்பித்து ஓடினால் புள்ளி விழும். சிட்டு அதில் கில்லாடி. தொழில்முறையில் இரண்டு சண்டை ஜெயித்துவிட்டாள்தான். இரண்டுமே புள்ளிக் கணக்கில். கூட்டம் கொட்டாவி விட்டது. "பதக்கக்காரி ஓடத்தான் லாயக்கு" என்று ஒரு பத்திரிகை எழுதியது. இன்று மூன்றாவது. எதிராளி முப்பத்தொரு சண்டை பார்த்தவள். இதில் தோற்றால், அந்தப் பத்திரிகை எழுதியது அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

அக்கா தலைமை நர்ஸின் மேஜை முன்னால் போய் நின்றாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தம்மா லீவு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"போ. ஆனா ஜெயிச்சுட்டு வந்தாத்தான் இது லீவு. இல்லேன்னா ஆப்சென்ட்."

*

வாசலில் ஹாரன் மூன்று தரம் அலறியது. அம்மா வந்துவிட்டாள்.

அம்மா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். சனிக்கிழமை என்பதால் வேன் அவள் வசம். பின் சீட்டில் அப்பா, லிஃப்ட் மெக்கானிக், தன் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் கயிற்றில் தொங்கிக்கொண்டு சரிசெய்கிற மனிதர். மகள் அடிவாங்குவதை மட்டும் பார்க்கமாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை. வேனில் உட்கார்ந்து, அரங்கத்திலிருந்து வரும் சத்தத்தை வைத்தே யார் அடிக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்று கணக்குப் போடுவார்.

"சீட் பெல்ட் போடு," என்றாள் அம்மா. "உனக்குக் கை நடுங்குதா?"

"இல்லையே."

"எனக்கு நடுங்குது. அதான் கேட்டேன்." சொல்லிக்கொண்டே ஒரு லாரியை இடதுபக்கமாக முந்தினாள்.

"நடுங்கற கையால ஏன்டி லாரியை முந்தறே?" என்றார் அப்பா கண்ணை மூடிக்கொண்டு.

"பன்னெண்டு மணிக்குள்ள இவளுக்கு அனுமதி அட்டை வாங்கணும். நீங்க கண்ணைத் திறக்காதீங்க, எனக்கு அதுவே பெரிய உதவி."

அரங்கத்தின் பக்கவாட்டு அறையில், மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேடையின் மூலையில் சண்டைக்காரிக்கு உதவியாக நிற்க யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

"நீங்க யாரு?"

"சிஸ்டர்."

"ஆஸ்பத்திரி சிஸ்டரா, கூடப்பிறந்த சிஸ்டரா?"

"ரெண்டும்தான் சார்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. "காயத்துல என்ன வைக்கலாம்?"

"அட்ரினலின். ஆயிரத்துக்கு ஒண்ணுங்கற கலவை. மேல வாசலின். வேற எதுவும் கூடாது."

"எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

"ஒரு நிமிஷம்."

"தப்பு." பேனாவை மூடி வைத்தார். "நீங்க மேல ஏறணும். அவங்க வந்து உட்காரணும். மணி அடிக்க பத்து செகண்ட் இருக்கும்போதே இறங்கணும். போக, மிச்சம் நாற்பது செகண்ட். ஆஸ்பத்திரின்னு நினைச்சு நிதானமா நின்னுடாதீங்க."

அட்டையை நீட்டினார்.

*

உடைமாற்றும் அறையில் மாஸ்டர் சிட்டுவின் கைகளுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். பதினைந்து வயதிலிருந்து அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர். தொழில்முறைக்கு வந்த பிறகு அவள் சார்பில் பேசுவதும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதர்.

கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் சிட்டு மேஜையிலிருந்து குதித்தாள்.

"நீயா? நெஜமாவா? பஞ்சு அண்ணன் எங்கே?"

"குடல்வாலை எடுத்துட்டாங்க. நல்லா இருக்கார். நான்தான் உன் மூலை."

"உனக்கென்னக்கா, ரத்தம்னா பழக்கம்."

"ஊரார் ரத்தம் பழக்கம்டி."

சிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பின் ஓரத்தில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. பயம். பரீட்சைக்குப் போகும்போதும் இதே இழுப்புத்தான். அக்கா அவள் புருவங்களிலும் கன்ன எலும்பிலும் வாசலினைத் தடவினாள். ஐந்து வயது இளையவள். சின்ன வயதில் தலை பின்னிவிட்டு அழகு பார்த்த முகம்.

"மூலையில ஒரே வாய்தான் பேசணும்," என்றார் மாஸ்டர் அக்காவிடம். "அது என் வாய். நீங்க கையை மட்டும் உபயோகிங்க."

"சரிங்க மாஸ்டர்."

அவர் சிட்டுவின் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு ஓடக் கூடாது. தொட்டுட்டு ஓடறது அங்கே. இங்கே நின்னு குத்தணும். காலை ஊணு. புரியுதா?"

"புரியுது மாஸ்டர்."

புரிந்ததா என்பது மேடையில்தானே தெரியும்!

*

அரங்கம் முழுக்க ஜனம். விளக்கெல்லாம் மேடை மேலேயே கொட்டியது. சிட்டு நடந்து வந்தபோது கைதட்டலும் ஊளையும் சரிபாதி. "ஓடு, சிட்டு, ஓடு!" என்று எவனோ மேல்தட்டிலிருந்து கத்தினான். மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்து நின்று, அவன் திசையைப் பார்த்துத் தன் வேனில் குழந்தைகளை அடக்குகிற குரலில், "உட்காருடா!" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

எதிர் மூலையில் பேக்கரிக்காரி. சொந்தமாக பேக்கரி நடத்துகிறவள், அதனால் அந்தப் பெயர். மாவு பிசைந்து பிசைந்து உரமேறின முன்னங்கைகள். சிட்டுவைவிட அரைத் தலை உயரம். இடதுகைக்காரி. வலது தோளை முன்னால் வைத்து நிற்பாள்.

ஆறு ரவுண்டு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். மணி அடித்தது.

முதல் ரவுண்டில் சிட்டு ஓடினாள். பழக்கம்! தொட்டாள், விலகினாள், சுற்றினாள். அழகாகத்தான் இருந்தது. பேக்கரிக்காரி அவசரப்படவே இல்லை. கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருகிறவள் மாதிரி, மேடையின் ஒவ்வொரு பக்கமாக அடைத்துக்கொண்டே வந்தாள்.

"காலை ஊணு!" மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

இரண்டாவது ரவுண்டில் பேக்கரிக்காரியின் இடது கை முதல் தடவையாகச் சரியாக வந்து விழுந்தது. தலைக்கவசம் இல்லாத முகத்தில் குத்து விழும் சத்தத்தை அக்கா இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி. தன் தாடையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அதே ரவுண்டில் இன்னொன்றும் நடந்தது. சிட்டு ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஓடாமல் நின்றாள். நின்ற இடத்திலிருந்து விலாவில் ஒன்று கொடுத்தாள். பேக்கரிக்காரி முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவளது வலது முழங்கை மட்டும் சட்டென்று உடம்போடு ஒட்டிக்கொண்டது. அக்காவின் கண் அதைப் பிடித்தது. ஏன் பிடித்தது என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

மூன்றாவது ரவுண்டு. முடிய இருபது நொடி இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். பிரிந்து வந்தபோது சிட்டுவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு. அடுத்த நொடி அது கோடாக இல்லை. கண்ணுக்குள் கொட்டியது.

"தலை! தலையால இடிச்சா!" அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது.

நடுவர் கையை ஆட்டினார். தலை இல்லை, குத்துத்தான் என்று சைகை. மாஸ்டரின் முகம் இருண்டது.

"அப்படின்னா என்ன?" என்றாள் அக்கா.

"தலை இடிச்சு வந்த காயம்னா, விபத்து. குத்தினதுல வந்த காயம்னா, இதுக்காக ஆட்டத்தை நிறுத்தினா நாம தோத்ததா எழுதுவாங்க. நிறுத்தாம பார்த்துக்கறது இனிமே உங்க கையில."

மணி அடித்தது. அக்கா கயிற்றுக்குள் நுழைந்தாள்.

தினமும் பத்து மண்டை தைக்கிறவள்தான். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தது காயம் இல்லை, சிட்டு. ரத்தத்துக்கு நடுவில் ஒரு கண் விழித்துக்கொண்டு, "நிறையவாக்கா?" என்று கேட்டது.

"இல்லை, கொஞ்சம்தான்," என்று பொய் சொன்னாள் அக்கா.

துடைத்தாள். பார்த்தாள். மறுபடி வழிந்தது. மறுபடி துடைத்தாள். ஆழம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! பஞ்சை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். "இறங்குங்க, இறங்குங்க!" என்று யாரோ கத்தினார்கள். நாற்பது செகண்டும் பறந்துவிட்டது. வாசலினை அள்ளி அப்பிவிட்டு இறங்கும்போதே தெரிந்தது: நிற்கவில்லை.

*

நான்காவது ரவுண்டு ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிட்டுவின் பாதி முகம் சிவப்பு. இடது கண் மூடித் திறந்து மூடியது. அந்தப் பக்கமிருந்து வந்த எதையும் அவளால் பார்க்க முடியவில்லை. நடுவர் இருவருக்கும் நடுவில் புகுந்தார். ஆட்டத்தை நிறுத்தி, சிட்டுவின் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அரங்கம் அடங்கிப்போனது. ஊளையிட்டவனும் வாயை மூடிக்கொண்டான்.

வெளியே வேனில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இந்த அமைதி புரியவில்லை. இரைச்சலை அவருக்குப் படிக்கத் தெரியும். நிசப்தத்துக்குப் பழக்கமில்லை. கருவிப் பையைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். வாசல் காவலாளி மறித்தபோது, "லிஃப்ட் மெக்கானிக்! அவசரம்!" என்று கத்தினார். காவலாளி வழிவிட்டுவிட்டான். அரங்கத்தில் லிஃப்டே இல்லை என்பது அவனுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்திருக்கும்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இளைஞர்தான், ஆனால் கண்டிப்பானவர்.

"எத்தனை விரல்?"

"மூணு," என்றாள் சிட்டு.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. ரத்தம்தான் பிரச்சினை." நடுவரிடம் திரும்பினார். "இந்த ரவுண்டை முடிக்கட்டும். இடைவேளையில மறுபடி பார்ப்பேன். அப்பவும் வழிஞ்சா, நிறுத்திடுங்க."

மிச்ச ஒரு நிமிடத்தைச் சிட்டு எப்படித் தாண்டினாள் என்பது அவளுக்கே வெளிச்சம். கட்டிப்பிடித்தாள், சாய்ந்தாள், கயிற்றில் தேய்ந்தாள். ஆனால் அந்த நெருக்கத்திலும் இரண்டு தரம் கீழே குத்தினாள். இரண்டு தரமும் பேக்கரிக்காரியின் வலது முழங்கை விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது. மூச்சு மேலோடு நின்றது. ஆழமாக இழுக்கவில்லை.

அக்காவுக்கு இப்போது விளங்கிவிட்டது. விலாவில் அடிபட்டவர்கள் ஸ்ட்ரெச்சரில் வரும்போது இப்படித்தான் மூச்சு விடுவார்கள்.

மணி.

அக்கா ஏறினாள். இந்தத் தடவை முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிட்டு இல்லை. நாலாம் நம்பர் படுக்கை. அவ்வளவுதான்.

ஒரே துடைப்பு. அட்ரினலினில் தோய்த்த பஞ்சைக் காயத்துக்குள்ளேயே வைத்தாள். மேலே கட்டைவிரல். விரலில் எலும்பு தட்டுப்படுகிற அளவுக்கு அழுத்தினாள். சிட்டு முனகினாள்.

"அசையாதே. ஒண்ணு. ரெண்டு. மூணு."

"கண்ணு தெரியலைக்கா."

"இன்னும் இருபது செகண்டுல தெரியும். ஒன்பது. பத்து."

எடுத்துப் பார்க்க வேண்டும்போல் கை துடித்தது. எடுக்கவில்லை. டாக்டர் கயிற்றோரம் வந்து குனிந்து நின்றார். மாஸ்டர் தண்ணீர் கொடுத்துக்கொண்டே ஏதோ சொன்னார், காலை ஊணு என்றுதான் இருக்கும். அக்காவின் காதில் எண்ணிக்கை மட்டும்தான் ஓடியது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

முப்பது. விரலை எடுத்தாள்.

காயம் வெளுத்த உதடுபோலத் திறந்து கிடந்தது. உள்ளே இருண்ட சிவப்பு. ஆனால் ஒரு சொட்டு வழியவில்லை.

டாக்டர் டார்ச்சை அடித்தார். அக்காவைப் பார்த்தார். "தாங்குமா, சிஸ்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு ரவுண்டு தாங்கும் டாக்டர். ரெண்டாவதுக்கு நான் உறுதி தரமாட்டேன்."

டாக்டர் ஒரு நொடி யோசித்தார். "ஒரு ரவுண்டு," என்று விரலைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

அக்கா வாசலினை அப்பினாள். கை வேலை முடிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"சிட்டு, அவ வலது விலா. கல்லீரல் அங்கேதான் இருக்கு. இடதுகைக்காரி, அந்தப் பக்கம்தான் உனக்கு முன்னால நீட்டிக்கிட்டு நிக்கறா. ரெண்டாவது ரவுண்டுலேர்ந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருக்கா. அங்கே அடி."

சொன்ன பிறகுதான் மாஸ்டர் முன்னால் வாயைத் திறந்துவிட்டோம் என்று உறைத்தது. மாஸ்டர் அவளை முறைத்தார். பிறகு சிட்டுவின் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அதேதான். போ!"

*

ஐந்தாவது ரவுண்டு. கூட்டம் இப்போது உட்காரவே இல்லை.

சிட்டுவுக்குத் தெரியும், இதற்குமேல் ரவுண்டு கிடையாது. பேக்கரிக்காரிக்கும் தெரியும். நேரே புருவத்தைக் குறிவைத்தே வந்தாள். ஒன்று தோளில் பட்டது. ஒன்று காதை உரசிப் போனது. ஒன்று புருவத்துக்கு ஒரு விரற்கடை கீழே விழுந்தது. அக்கா மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்தே இருந்தது. இன்னும் காய்ந்தே இருந்தது.

"ஒரு நிமிஷம் ஆச்சு!" என்றார் மாஸ்டர்.

சிட்டு பின்னால் போனாள். போகப் போக, "ஐயோ, மறுபடி ஓடறாளே" என்று அக்காவுக்கே தோன்றியது. முதுகு கயிற்றைத் தொட்டது. பேக்கரிக்காரி தன் பெரிய இடது கையை வீசினாள்.

சிட்டு ஓடவில்லை. குனிந்தாள். அந்தக் கை தலைக்கு மேலே காற்றை அறுத்துக்கொண்டு போனது. குனிந்த இடத்திலேயே இரண்டு காலையும் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, இடது கையால் விலாவுக்குக் கீழே ஒன்று இறக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பேக்கரிக்காரி ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடியும் வைத்தாள். கையைக்கூட உயர்த்தினாள். அப்புறம் திடீரென்று, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி முகம் மாறியது. முழங்கால் மடிந்தது. அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டாள்.

"ஒண்ணு! ரெண்டு!" நடுவரின் விரல்கள் அவள் முகத்துக்கு முன்னால் விரிந்தன.

கூட்டமே சேர்ந்து எண்ணியது. பேக்கரிக்காரி எழத்தான் பார்த்தாள். மனசு எழுந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. உடம்பு வரவில்லை. எட்டில் ஒரு காலை ஊன்றினாள். ஒன்பதில் கயிற்றைப் பிடித்தாள்.

"பத்து!"

அப்புறம் கேட்ட சத்தத்தைக் காது சத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. தரை அதிர்ந்தது. மாஸ்டர், வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற அந்த மாஸ்டர், தண்ணீர் பாட்டிலைக் கூரைக்கு வீசிவிட்டு, "அடிச்சா பாரு! அடிச்சா பாரு!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா இரண்டு வரிசை நாற்காலிகளைத் தாண்டி வந்தாள். எப்படித் தாண்டினாள் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. நடைபாதையில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார்.

சிட்டு முதலில் ஓடியது பேக்கரிக்காரியிடம். பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ கேட்டாள். அவள் மூச்சுக்கு நடுவில் தலையை ஆட்டி, சிட்டுவின் கன்னத்தில் கையுறையால் லேசாகத் தட்டினாள். அப்புறம்தான் சிட்டு தன் மூலைக்கு வந்தாள். வந்தவள் அக்காவின் மேல் அப்படியே விழுந்தாள். புருவம் மறுபடி திறந்துகொண்டது. அக்காவின் சட்டை முழுக்க ரத்தம்.

இந்தத் தடவை யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

*

உடைமாற்றும் அறையில் டாக்டர் தைத்தார். அக்கா நூலை வெட்டிக்கொடுத்தாள். உள்அடுக்கில் மூன்று தையல், வெளியே ஐந்து.

"பேக்கரிக்காரம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் சிட்டு படுத்தபடியே.

"எழுந்து உட்கார்ந்து உன்னைத் திட்டறாங்க. நல்லாத்தான் இருக்காங்க," என்றார் டாக்டர்.

அப்பா சிட்டுவின் காலடியில் உட்கார்ந்து அவள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அடிக்கறப்ப உன் இடுப்பு நல்லா சுத்துதும்மா. லிஃப்ட் கப்பி சுத்தற மாதிரி," என்றார். இத்தனை வருஷத்தில் மகளின் சண்டையைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. சிட்டு சிரிக்கப்போக, "அசையாதே!" என்று அக்காவும் டாக்டரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தாள். திறந்தவள் அப்படியே ஒதுங்கி நின்றாள்.

உள்ளே வந்தவளை அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் சிட்டுவை ஜெயித்துத் தங்கம் வாங்கினவள். அவளும் தொழில்முறைக்கு மாறி, இரண்டு மாதத்துக்கு முன்னால் சாம்பியன் பட்டத்தையும் வாங்கிவிட்டாள். வெறும் சாம்பல் நிற ஜாக்கெட். பின்னால் யாரும் இல்லை.

"அந்தக் குத்து நல்லா இருந்துச்சு," என்றாள் சிட்டுவிடம். "அங்கே என்கிட்ட அப்படி நின்னிருந்தா, தங்கம் உன் கழுத்துல இருந்திருக்கும்."

"இப்ப நிக்கறேன்," என்றாள் சிட்டு.

தங்கக்காரி சிரித்தாள். "அதுக்குத்தான் வந்தேன். என் பட்டத்துக்கு அடுத்த சண்டை இன்னிலேர்ந்து எட்டாவது வாரம். எதிராளி யாருன்னு நாளைக்கு மத்தியானம் அறிவிக்கறாங்க. நீ வருவியான்னு உன் வாயால கேட்கணும்னு தோணிச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் கையில் லேஸ் நின்றது. பட்டச் சண்டை! நாலாவது ஆட்டத்திலேயே! அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. துணிப்பட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் சிட்டுவைப் பார்த்தார்கள். சிட்டு அக்காவைப் பார்த்தாள்.

அக்காவுக்குக் கத்திரிக்கோலைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. "உள்ளே மூணு தையல் போட்டிருக்கு. மேல ஆறினாலும் உள்ளே ஆற நாளாகும். பத்து வாரத்துக்கு அந்தப் புருவத்து மேல ஒரு கை படக் கூடாது. அதுக்கு முன்னால பட்டா, இதைவிடப் பெரிசா கிழியும்."

"சிஸ்டர் சொல்றது சரி," என்றார் டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டே.

"தேதியை மாத்த முடியாதா?" என்றாள் அம்மா.

"என்னால முடியாதும்மா," என்றாள் தங்கக்காரி.

சிட்டு எழுந்து உட்கார்ந்தாள். புதுத் தையல் விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாக மின்னியது.

"வர்றேன்," என்றாள்.

"யாரைக் கேட்டு சொன்னே?" அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"உன்னைத்தான் கேட்டேன். நீயும் சொன்னே. ஆனா இது என் புருவம்க்கா."

"அப்போ அதை அடைக்க வேற ஆளைப் பார்த்துக்கோ."

கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அக்கா வெளியே நடந்தாள். அம்மா கூப்பிட்டாள். திரும்பவில்லை. நடைக்கூடத்தில் நின்றிருந்தவர்கள் அவளை அடையாளம் கண்டு கைதட்டினார்கள். ரத்தம் தோய்ந்த சட்டையோடு அவர்களுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஜெயித்த நாளில் இப்படி அழுகை வருமா? வந்தது.

படிக்கட்டின் திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம். சிட்டுதான் என்று நினைத்துத் திரும்பினாள். சாம்பல் ஜாக்கெட்.

"ஒரு நிமிஷம், சிஸ்டர்."

"என் தங்கச்சிதான் வர்றேன்னு சொல்லிட்டாளே. என்கிட்ட என்ன?"

"அங்கே எல்லார் முன்னாலேயும் சொல்ல எனக்கு மனசு வரலை." தங்கக்காரி நடைக்கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் பட்டச் சண்டை ஒப்பந்தத்தை நான் பார்த்தேன். அதுல உங்க மாஸ்டர் போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டார். அவளுக்குத் தெரிஞ்சுதான் போட்டாரான்னு பார்க்கத்தான் நேர்ல வந்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"அவ முகத்தைப் பார்த்தேன், சிஸ்டர். அவளுக்குத் தெரியாது."